ஆவி வாரம்

மார்ச் 11

காலை ஷிப்ட். முதல் அழைப்பு, தலையில் பாத்திரத்தை மாட்டிக்கொண்ட குழந்தை. ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை, சமையல் எண்ணெய் போதுமாக இருந்தது. இரண்டாவது, மாடிப்படியில் வழுக்கியவர். மூன்றாவதாக ஒருவன், "நம்பர் வேலை செய்யுதான்னு சும்மா பாத்தேன்" என்றான். எனக்கு இடப்பக்கம் உட்காரும் அக்கா எட்டிப் பார்த்து, "அது வேலை செய்யுதுப்பா, உனக்குத்தான் வேலை இல்ல" என்றாள். அறையே சிரித்தது.

அதற்குப் பிறகு மேலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்பவர் அல்ல.

"இந்த மாசக் கடைசியோட உங்க ஒப்பந்தம் முடியுது. இந்தத் தடவை புதுப்பிக்கறதா இல்லம்மா."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? உங்கள யாரும் நீக்கல. இது தானா முடியுது."

தானா முடியுது. பால் திரிந்துபோகிற மாதிரி. யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக ஆகிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கன்சோலில் விளக்கு எரிந்தது. "அவசர உதவி மையம், சொல்லுங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 12

வீட்டில் இவரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுக் கையெல்லாம் கிரீஸோடு வந்திருந்தார். கழுவிக்கொண்டே கேட்டார். "ஒன்பது வருஷமா ஒரே நாற்காலி. வருஷா வருஷம் நீ புது ஆளு. நல்ல கணக்குடா சாமி." கொஞ்சம் கழித்து, "அந்த மனுவாலதான்" என்றார்.

மனுதான். ஒப்பந்தத்தில் இருக்கும் எங்கள் எல்லாரையும் நிரந்தரமாக்கச் சொல்லி ஜனவரியில் கொடுத்தோம். எழுதியது நான், முதல் கையெழுத்தும் நான். துணிச்சலால் இல்லை. "உன் கையெழுத்துதாண்டி முத்து முத்தா இருக்கும்" என்று பேனாவைக் கையில் திணித்தார்கள். நானும் சந்தோஷமாக எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

மார்ச் 31

கடைசி நாள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். ஹெட்செட்டை மடித்து வைத்தேன். அக்கா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் காவலாளியிடம் "போயிட்டு வரேன்" என்றேன். பழக்கம்.

ஏப்ரல் 8

வக்கீலைப் பார்த்தோம். தொழிலாளர் வழக்குகள் மட்டும் எடுப்பவர். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. பேசும்போது பிஸ்கெட்டை டீயில் முக்கி மறந்துவிடுகிறார், அது உள்ளே விழுந்துவிடுகிறது, ஸ்பூனால் தேடுகிறார்.

"ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சுன்னு அவங்க சொல்லுவாங்க. வேலை முடிஞ்சிடுச்சான்னு நாம கேக்கணும். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்றத ஊர்ல நிறுத்திட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அது நிரந்தர வேலை. அடுத்தது, உங்க சேவை தொடர்ச்சியான்னு பாக்கணும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நடுவுல ஒரு வாரம் விட்டிருக்காங்களே, அதச் சொல்லுங்க."

அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு மாதம் ஒப்பந்தம். பிறகு ஒரு வாரம் இடைவெளி. பிறகு புது ஒப்பந்தம். அந்த ஒரு வாரம் காகிதத்தில் நாங்கள் இல்லை. ஆனால் நெஞ்சுவலி காகிதம் பார்த்து வருவதில்லை, ஆளும் எப்போதும் குறைவு. அதனால் இடைவெளியில் இருப்பவர் வழக்கம்போல வந்துவிடுவார். நிரந்தர ஊழியர் ஒருவரின் பெயரில் கணினியைத் திறந்து, அவராகவே உட்கார்ந்து அழைப்பு எடுப்பார். சம்பளம் அடுத்த மாத ஓவர்டைமில் சேர்ந்து வரும். எல்லாம் மேலாளர் ஏற்பாடு, எதுவும் எழுத்தில் கிடையாது. அந்த வாரத்தில் அந்த ஆளுக்கு எங்கள் அறையில் 'ஆவி' என்று பெயர். "இந்த வாரம் ஆவி யாரு?" "ஆவிக்கு டீ சொல்லவா, இல்ல வாசனை மட்டும் போதுமா?" ஒன்பது வருடமும் சிரித்தோம்.

வக்கீல் சிரிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இந்த ஒரு வாரம் கண்துடைப்புன்னு காட்டிட்டா, கேஸ் நிக்கும். நீங்க வந்து வேலை பாத்ததுக்கு என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்கும் தெரிஞ்சது கோர்ட்டுக்குத் தெரியாதும்மா. யாராவது வந்து சொல்லணும்."

ஏப்ரல் 9

வக்கீலிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13

மறைத்ததை இங்கேயாவது எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் ஆவி வாரம். அக்காவின் பெயரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் அழைத்தாள், தையல் கடை நடத்துபவள். கடையில் துணி வெட்டுபவர் அப்படியே சரிந்துவிட்டார், மூச்சில்லை. அவளை மண்டியிட வைத்து, கையை எங்கே வைப்பது என்று சொல்லி, அழுத்தச் சொல்லி, கூடவே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. திரும்ப ஒண்ணு, ரெண்டு. அவள் அழுதுகொண்டே அழுத்தினாள். நடுவில் "என்னால முடியலக்கா" என்றாள். "முடியுது. நீங்க பண்ணிட்டுத்தான் இருக்கீங்க. எண்ணுங்க" என்றேன். வண்டி போய்ச் சேரும்வரை எண்ணினோம். அந்த மனிதர் பிழைத்துவிட்டார்.

அந்த ஆண்டின் சிறந்த அழைப்பு என்று விருது வந்தது. அக்காவின் பெயருக்கு. மேடையில் போய் வாங்கினாள், வேறு என்ன செய்ய முடியும்? அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்கு ஒரு கைப்பை வாங்கித் தந்தாள். "இது உன் விருதுடி இவளே" என்று காதில் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை, சத்தியமாக இல்லை.

அந்தப் பதிவைத்தான் புதியவர்களுக்கு இன்றும் பயிற்சியில் போடுகிறார்கள். அவர்கள் என் குரலோடு சேர்ந்து எண்ணுகிறார்கள். அக்காவின் குரல் என்று நினைத்து.

இதைச் சொன்னால் நான் அந்த வாரம் வேலை பார்த்தது உறுதியாகும். தன் பெயரில் இன்னொருவரை உட்கார வைத்த குற்றமும் அக்கா மேல் உறுதியாகும்.

ஏப்ரல் 20

அக்கா வீட்டுக்குப் போனேன். போர்வைகளைத் துவைத்துப் பால்கனியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முனையை என் கையில் கொடுத்தாள், இரண்டு பேரும் பிழிந்தோம்.

"கேஸ் போடறியாமே."

"ஆமாக்கா."

"போடு. போடத்தான் வேணும். நானா இருந்தாலும் போடுவேன்." போர்வையை உதறினாள். "என் பேர மட்டும் இழுத்துடாதடி. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்னா பென்ஷன். அவர் படுத்த படுக்கையா இருக்கறது உனக்குத் தெரியும்."

உள்ளே அவள் கணவர் இருமினார். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இழுக்க மாட்டேங்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கையில் ஈரப் போர்வை இருக்கும்போது அதற்குமேல் என்ன யோசிப்பது?

மே 6

வழக்கு பதிவாகிவிட்டது.

மே 19

மரச்சாமான் கடையில் தற்காலிக வேலை. தொலைபேசியில் புகார் வாங்குவது. முந்தாநாள் ஒருவர், "எமர்ஜென்சிம்மா, சோபா கால் உடைஞ்சிடுச்சு" என்றார். "கால அசைக்காதீங்க சார், ஆள் வந்துட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். என்னையறியாமல். கடை முதலாளி இரண்டு நாளாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மகளுக்குச் சந்தோஷம். "அம்மா, இப்ப நீ ராத்திரில வீட்டுலயே இருக்க. இப்படியே இரும்மா." எட்டு வயசு. தலையை ஆட்டினேன். வேலை போனதில் ஒருத்திக்காவது லாபம்.

ஜூன் 24

நிர்வாகம் பதில் கொடுத்திருக்கிறது. நகலை மூன்று முறை படித்தேன். "இடைவெளி வாரங்களில் மனுதாரர் அலுவலக வளாகத்துக்குள் வரவே இல்லை." வரவே இல்லையாம்! என் சோற்று டப்பாவைக்கூடப் பார்த்ததில்லையா யாரும்?

சாட்சிக்கு ஆள் தேடினேன். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒருத்தி, "எனக்கு ஆகஸ்ட்ல புதுப்பிக்கணும், தப்பா எடுத்துக்காத" என்றாள். இன்னொருவன், "நீங்க ஜெயிச்சா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா என்னால வர முடியாது" என்றான். மூன்றாமவள் போனையே எடுக்கவில்லை. பேனாவைத் திணித்த கை அவளுடையதுதான்.

கோபம் வருகிறதா? வருகிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால்? தெரியவில்லை. அதை யோசிக்கவும் பிடிக்கவில்லை.

ஜூலை 17

விசாரணை தள்ளிவைப்பு. நிர்வாகத்தின் வக்கீலுக்குப் பல்வலி.

ஆகஸ்ட் 5

வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். நிர்வாகம் தன் சாட்சிகள் யார் என்று தெரிவித்துவிட்டது. முதல் பெயர் அக்கா.

"யாருங்க இவங்க?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் கடை, விருது, பயிற்சிப் பதிவு, போர்வை பிழிந்தது வரைக்கும். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"நாலு மாசமா இத வெச்சுக்கிட்டா சும்மா உக்காந்திருந்தீங்க? கேஸ் உங்களுதா, அவங்களுதா?"

"வாக்கு குடுத்துட்டேன் சார்."

"அவங்க உங்களுக்கு எதிரா கூண்டுல ஏறப் போறாங்கம்மா."

"அது அவங்க இஷ்டமா இருக்காது சார். மேலாளர் மிரட்டியிருப்பார்."

"இருக்கட்டும். மிரட்டி வாங்கின பொய்யும் பொய்தான்."

பிறகு பதிவைப் பற்றிக் கேட்டார். குரல் மட்டும் போதாது, குரல் என்னுடையதுதான் என்று அவர்கள் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். வேறு ஏதாவது இருக்கிறதா?

ஒன்று இருக்கலாம். வண்டி வந்த பிறகு அந்தத் தையல்காரப் பெண், "நீங்க யாருக்கா, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். ஆவி வாரத்தில் யார் பெயர் கேட்டாலும் நிரந்தர ஊழியரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். நான் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டதாக ஒரு ஞாபகம்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"தெரியல சார்."

"நல்லா இருக்கு போங்க."

பயிற்சியில் போடுவது வெட்டிச் சுருக்கியது, வண்டி வந்ததோடு நின்றுவிடும். மற்ற பழைய அழைப்புகளை அழித்துவிடுவார்கள். இது விருது வாங்கியதால் முழுதாகத் தனியே இருக்கிறது. அதைக் கொண்டுவர உத்தரவு கேட்டு வக்கீல் மனு போடுகிறார். ஆனால் அதை ஒலிக்கவிடுவதா வேண்டாமா என்பது என் கையில்தான். நான் தலையை ஆட்டாமல் போடக் கூடாது என்று கேட்டேன். முறைத்தார். பிறகு சரி என்றார்.

ஆகஸ்ட் 22

உத்தரவு கிடைத்தது.

சொன்னேனா? அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவள் அழுதது கேட்கிறது. தையல் மிஷின் ஒன்று நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தது கேட்கிறது. என் குரல் மட்டும் கேட்கவில்லை.

செப்டம்பர் 3

இவர் கேட்டார். "அக்கா பொய் சொல்லிட்டா தலையாட்டுவியா?"

"சொல்ல மாட்டா."

"சொல்லிட்டா?"

மகளின் புத்தகப் பையை அடுக்கினேன். இவர் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 18

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

தொழிலாளர் நீதிமன்றம். சின்ன ஹால், மின்விசிறி சத்தம். நீதிபதி ஒரு அம்மாள், சளி பிடித்திருந்தது. அக்கா சாம்பல் நிறத்தில் புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். என்னைக் கடந்து போகும்போது அவள் புடவை என் முழங்காலில் பட்டது.

நிர்வாகத்தின் வக்கீல் கேட்டார்: "இடைவெளி வாரங்களில் மனுதாரர் வேலைக்கு வந்தாரா?"

"வரல."

"நீங்கள் விருது வாங்கிய அந்த அழைப்பில் பேசியது யார்?"

"நான்தான்."

கூண்டின் கம்பியைப் பார்த்துச் சொன்னாள். என் வக்கீல் எழுந்து, மறுபடியும் நிதானமாகக் கேட்டார். "அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அது உங்க குரல்தானா?"

இப்போது என்னைப் பார்த்தாள். நேராக. "என் குரல்தான்."

கெஞ்சுகிறாளா, சவால் விடுகிறாளா? இதை எழுதும்போதும் தெரியவில்லை. வக்கீல் என் பக்கம் திரும்பினார். மின்விசிறி சுற்றியது. நான் பெரிதாக எதையும் நினைக்கவில்லை. 'என் குரல்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. நீ குடுத்த பையை எடுத்துக்கோ, மேடையை எடுத்துக்கோ, சூப்பர்வைசர் சீட்டை எடுத்துக்கோ. ஆனா இது... இது என்னோடதுக்கா.

தலையாட்டினேன்.

முழுதும் ஒலித்தது. ஹாலில் இருந்த எல்லாரும் நான் எண்ணுவதைக் கேட்டார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தட்டச்சு செய்யும் பெண்ணின் விரல் மேஜையில் தானாகத் தட்டியது. நீதிபதி மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். வண்டி வந்தது. கதவு, காலடிகள். பிறகு அவள் குரல்: "நீங்க யாருக்கா? உங்க பேரு என்ன?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு நான், சோர்ந்துபோய், என் பெயரைச் சொல்கிறேன். அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்கிற மாதிரி.

நிர்வாகத்தின் வக்கீல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்த விதத்தில், அவர் இதை முதன்முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. நீதிபதி அக்காவிடம், "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். அக்கா தண்ணீர் கேட்டாள்.

வெளியே வந்ததும் வக்கீல் என் கையைக் குலுக்கினார். கையை உருவிக்கொண்டு தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

செப்டம்பர் 19

சாப்பிடவில்லை. இவர் தட்டை மூடி வைத்தார்.

அக்டோபர் 30

வாதம் முடிந்தது. தீர்ப்பு தேதி பிறகு.

கடையில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்கிறார். நல்ல மனுஷன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 27

தீர்ப்பு. இடைவெளி வாரங்கள் பெயரளவுக்கு மட்டுமே, சேவை தொடர்ச்சியானது. ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி என்னை வெளியேற்றியது நியாயமற்ற நீக்கம். மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும். வக்கீல் போனில் படிக்கப் படிக்க இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நின்றார். மகள், "அப்ப ராத்திரி வீட்டுல இருக்க மாட்டியா?" என்றாள்.

போனை எடுக்காத மூன்றாமவள் இன்று அவளே கூப்பிட்டாள். "எங்க எல்லாருக்கும் வழி பண்ணிட்ட!" என்றாள். "உன் கையெழுத்தும் அழகாத்தான் இருக்கும், அடுத்த தடவை நீ எழுது" என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் 16

வேலையில் சேர்ந்தேன். புது அட்டை, புது ஹெட்செட். அறையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இடப்பக்க நாற்காலி காலி. அக்கா மூன்று வாரமாக இடைநீக்கத்தில் இருக்கிறாள். அடையாளத்தை இன்னொருவருக்குக் கொடுத்தது, நீதிமன்றத்தில் பொய் சொல்லி நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. யாருடைய ஏற்பாட்டில் கொடுத்தாள், யாருக்காகப் பொய் சொன்னாள் என்பது எதிலும் இல்லை. அந்த மேலாளர் இப்போது பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர்.

டிசம்பர் 29

அக்காவிடமிருந்து போன். இவர்தான் எடுத்தார். என்னிடம் நீட்டும்போது வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம்னா வெச்சிடறேன்" என்றார். வாங்கினேன்.

அவள் வீட்டில் இருமல் கேட்டது.

"விசாரணைல கூட வேலை பாக்கற ஒருத்தர உதவிக்குக் கூட்டிட்டு வரலாமாம்" என்றாள். "எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் வர மாட்டேங்கறாங்க."

"எங்கிட்ட கேக்க உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"வரல. அதான் கடைசியா கேக்கறேன்."

வைத்துவிட்டேன். 'உங்களுக்கு' என்றேன். ஒன்பது வருஷத்தில் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பர் 30

மன்னிக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆனால் நிர்வாகம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கதவைத்தான் காட்டியது. முதலில் எனக்கு, இப்போது அவளுக்கு. அன்றைக்கு எனக்காக ஒருவரும் வரவில்லை. யாரும் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியட்டும் என்று நாள் முழுக்க நினைத்தேன். மதியம் வரை அது நன்றாகவே இருந்தது.

ஜனவரி 8

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்றவர். பெரிய மேஜை. எதிர்ப்பக்கம் நிர்வாகத்தின் சார்பில் எங்கள் பழைய மேலாளர், ஒரு கட்டு காகிதத்தோடு. இந்தப் பக்கம் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் மேலாளர் காகிதத்தை அடுக்குவதை நிறுத்தினார். அக்கா நிமிரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீங்கதானே அந்த வழக்கு போட்டவங்க? உங்களுக்கு எதிரா பொய் சாட்சி சொன்னவங்க இவங்கதானே?"

"ஆமா சார்."

"இவங்களுக்கு உதவியா வந்திருக்கீங்க."

"ஆமா சார். முதல்ல, இடைவெளி வாரத்துல ஆள மாத்தி உக்கார வெச்சது யார் ஏற்பாடுன்னு ஒரு கேள்வி கேக்கணும். இவர்கிட்ட." மேலாளரைக் காட்டினேன்.

"கேக்கலாம், கேக்கலாம். அதுக்கு முன்னாடி பதிவுக்காக ஒண்ணு எழுதணும்" என்றார் அதிகாரி. "இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து சீட் சார்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்.